காதோரம் ஒரு சொட்டு ரத்தம்

பூனைக்குச் சர்க்கரை நோய் என்று டாக்டர் சொன்னதும் வீட்டுக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "தினமும் ஊசியா டாக்டர்?" என்பதுதான். ஆமாம், தினமும், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. இதைக் கேட்டு மனம் தளர்ந்து, "வயசாயிடுச்சு, விட்டுடலாம்" என்று பூனையைத் திரும்பத் தூக்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அது வேண்டாத முடிவு. ஊசி போடுவது சில நாட்களில் கைவந்துவிடும். மேலும், பூனைக்கு வரும் சர்க்கரை நோயில் ஒரு பெரிய நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: ஆரம்பத்திலேயே ஒழுங்காகக் கட்டுப்படுத்தினால் பல பூனைகள் இன்சுலினே தேவைப்படாத நிலைக்குத் திரும்பி வருகின்றன. அந்த வேலையில் பெரும்பங்கு வீட்டில் நடக்கிறது. அதற்கு நீங்கள் முதலில் கற்க வேண்டியது ஊசி போடுவதைவிட, பூனையின் காதோரத்தில் குத்தி ரத்தச் சர்க்கரையை அளப்பது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பூனை முழுக்க முழுக்க இறைச்சி தின்னும் பிராணி. எலி, பல்லி, குருவி, மீன் என்று அது வேட்டையாடும் எதிலும் மாவுச்சத்து மிகக் குறைவு. அதனால் சோறு தின்னும் நம் கல்லீரலைப் போல, ஒரே வேளையில் வந்து குவியும் சர்க்கரையைச் சட்டென்று எடுத்துப் பதப்படுத்தும் ஏற்பாடு பூனையின் கல்லீரலில் வலுவாக இல்லை. அது தனக்கு வேண்டிய குளுக்கோஸைப் புரதத்திலிருந்தே ஓயாமல் தயாரித்துக்கொள்கிறது. இப்படிப்பட்ட உடம்புக்குள் வருடக் கணக்கில் உலர் தீவனமும் பால்சோறும் போய், வெளியே திரிந்து வேட்டையாடும் ஓட்டமும் நின்று, எடையும் ஏறினால், இன்சுலின் சுரந்தாலும் திசுக்கள் அதற்குச் சரியாகக் கீழ்ப்படிவதில்லை. கணையம் இன்னும் அதிகமாகச் சுரந்து ஈடுகட்டப் பார்க்கிறது. இன்சுலினோடு சேர்ந்து சுரக்கும் அமைலின் என்ற புரதம், பூனைகளில் கணையத்துக்குள்ளேயே படிந்து இறுகி, சுரக்கும் செல்களை அழிக்கிறது. மனிதர்களுக்கு வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயிலும் இதே படிவு உண்டு. உயர்ந்த சர்க்கரையே மிச்சமிருக்கும் செல்களையும் மயக்கிப் போடுகிறது என்பது இதில் முக்கியமான கண்ணி. அந்த மயக்கம் ஆரம்பத்தில் தெளியக்கூடியது. சர்க்கரையைச் சீக்கிரம் இறக்கிவிட்டால் சாகாமல் சோர்ந்து கிடக்கும் செல்கள் மறுபடி வேலைக்கு வரும். நாள் கடத்தினால் அவை நிரந்தரமாகப் போய்விடும்.

நடுவயது தாண்டிய, கருத்தடை செய்த, கொழுத்த கடுவன் பூனைகளுக்கு இந்த நோய் அதிகம் வருகிறது. பர்மியப் பூனைகளுக்கு ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, பிரிட்டன் ஆகிய இடங்களில் மற்ற பூனைகளைவிடக் கூடுதலாக வருகிறது. இன்னொரு காரணம் ஸ்டீராய்டு. தோல் அரிப்புக்கோ ஈறு வீக்கத்துக்கோ போடும் நீண்ட நாள் ஸ்டீராய்டு ஊசி, விளிம்பில் நிற்கும் பூனையைச் சர்க்கரை நோய்க்குள் தள்ளிவிடும். உங்கள் பூனைக்குக் கடந்த சில மாதங்களில் என்னென்ன ஊசி போட்டீர்கள் என்பதைப் பழைய சீட்டுகளோடு டாக்டரிடம் காட்டுங்கள். ஸ்டீராய்டால் வந்தது என்றால், அதை நிறுத்தியதும் நிலைமை தேற நல்ல வாய்ப்பு உண்டு. நிறுத்துவதும் டாக்டர் சொல்கிறபடி படிப்படியாக நடக்க வேண்டும்.

நோயை வீட்டில் முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் தண்ணீர்க் கிண்ணமும் மூத்திரத் தட்டும்தான். கிண்ணம் அடிக்கடி காலியாகும். இதுவரை தண்ணீரைச் சீந்தாத பூனை குளியலறைக் குழாயடியில் போய் உட்காரும். 4 கிலோ எடையுள்ள பூனை ஒரு நாளில் 400 மில்லிக்கு மேல் குடித்தால் அது அளவு மீறிய தாகம் என்பதில் சந்தேகமே இல்லை. லிட்டர் தட்டில் கட்டிகள் பெரிதாகிக்கொண்டே போகும். தட்டுக்கு வெளியே போன மூத்திரத்தில் எறும்பு மொய்க்கும். சர்க்கரை நோயை அறிந்த எந்த நம்மூர்க் குடும்பத்துக்கும் இந்த அடையாளத்தை விளக்கத் தேவையில்லை. நன்றாகத் தின்றும் முதுகெலும்பு தட்டுப்படும் அளவுக்கு இளைக்கும். சில பூனைகள் பின்னங்கால் விரல்களில் நடப்பதை விட்டு, கணுக்கால் வரை தரையில் பதிய நடக்கும். குதித்து ஏறிய ஜன்னல் திட்டு எட்டாததாகிவிடும். நரம்பு பாதித்ததன் விளைவு இது. பார்க்க வேதனையாக இருந்தாலும், சர்க்கரை கட்டுக்குள் வந்தால் வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலும் சரியாகும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ரத்தத்தில் சர்க்கரை கூடியிருப்பது மட்டுமே பூனைக்குச் சர்க்கரை நோய் என்பதற்குச் சாட்சி ஆகாது. கூடையில் அடைத்து, ஆட்டோவில் ஏற்றி, நாய்கள் குரைக்கும் வரவேற்பறையில் காக்கவைத்து, மேஜையில் அமுக்கிப் பிடித்து எடுத்த ரத்தத்தில், நோயே இல்லாத பூனைக்கும் 300-க்கு மேல் காட்டலாம். பயத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் செய்கிற வேலை அது. ஆகவே நல்ல டாக்டர் மூத்திரத்தையும் பார்ப்பார். ரத்தச் சர்க்கரை ஏறக்குறைய 250 முதல் 300 வரையான எல்லையைத் தாண்டினால்தான் பூனையின் சிறுநீரகம் அதை வெளியே விடும். பிரக்டோசமைன் என்ற பரிசோதனை, கடந்த ஒன்றிரண்டு வாரங்களின் சராசரிப் போக்கைச் சொல்லும். அன்றைய பயம் அதை அசைக்காது. தாகம், இளைப்பு, மூத்திரத்தில் சர்க்கரை, பிரக்டோசமைன் எல்லாம் ஒரே பக்கம் நின்றால்தான் நோய் உறுதி. உங்கள் பூனைக்கு ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையோடு இன்சுலின் எழுதிக் கொடுத்திருந்தால், "பிரக்டோசமைன் பார்க்கலாமா டாக்டர்?" என்று கேட்பதில் தவறே இல்லை.

ஆஸ்பத்திரியில் ஏறிக் காட்டும் இதே எண்தான் பிறகு மருந்தின் அளவைத் தீர்மானிக்கும்போதும் குழப்பம் செய்யும். பயத்தால் 380 காட்டிய பூனைக்கு மருந்து போதவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டினால், அது வீட்டுக்கு வந்து சோபாவில் நிம்மதியாகப் படுத்ததும் சர்க்கரை சரிந்து மயங்கிவிடும். வீட்டில், அதன் இடத்தில், அது அரைத்தூக்கத்தில் இருக்கும்போது எடுத்த ஒரு சொட்டு ரத்தம் சொல்கிற எண்ணுக்கு இருக்கும் மதிப்பு ஆஸ்பத்திரி எண்ணுக்குக் கிடையாது.

காதில் எடுப்பது எப்படி என்று சொல்கிறேன். பூனையின் காதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளி ஓரத்தை ஒட்டி ஒரு மெல்லிய ரத்தக் குழாய் மேலே ஓடுவது தெரியும். அந்தக் குழாய்க்கும் காதின் விளிம்புக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய இடம்தான் குத்துமிடம். குழாயிலேயே குத்தக் கூடாது. முதலில் காது சூடாக வேண்டும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் காதோரம் அரை நிமிடம் வைத்தால் போதும். காது ஈரமாகக் கூடாது, ஈரம் பட்டால் ரத்தம் சொட்டாக நிற்காமல் முடியில் பரவிவிடும். காதுக்குப் பின்னால் மடித்த பஞ்சை வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் லான்செட் உங்கள் விரலில் ஏறும். குத்தியதும் மெதுவாக நீவினால் கடுகளவு சொட்டு எழும்பும். இப்போதைய மீட்டர்களுக்கு அதுவே தாராளம். ஸ்ட்ரிப்பின் நுனியைச் சொட்டில் தொட்டால் தானே உறிஞ்சிக்கொள்ளும். பிறகு பஞ்சால் அழுத்திப் பிடியுங்கள். அழுத்தாமல் விட்டால் நீலம் பாய்ந்து, அடுத்த முறை காதைத் தொடவே விடாது. முடிந்ததும் வேகவைத்த கோழியில் ஒரு துணுக்குக் கொடுங்கள். மூன்று வேளை இப்படிச் சோதித்துப் பிடித்த தீனியும் கொடுத்த பிறகு, மீட்டர் பையின் ஜிப் சத்தம் கேட்டதும் தானாக வந்து உட்காரும் பூனைகள் உண்டு. முதல் சில நாட்கள் சொட்டு வராது, ஸ்ட்ரிப் வீணாகும். எல்லோருக்கும் அப்படித்தான்; விட்டுவிடாதீர்கள்.

மீட்டர் விஷயத்தில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. மனிதர் ரத்தத்தில் சர்க்கரை, சிவப்பணுவுக்குள்ளும் வெளியே உள்ள திரவத்திலுமாகப் பங்கிட்டு இருக்கும். பூனை ரத்தத்தில் அது பெரும்பகுதி திரவத்தில்தான் இருக்கும். மனிதருக்காகச் செய்த மீட்டர் இந்த வித்தியாசம் அறியாது. பூனையின் உண்மையான அளவைவிடக் குறைத்தே பெரும்பாலும் காட்டும். ஆல்பாட்ராக் போன்ற விலங்கு மீட்டர்கள் இதற்காகத் திருத்தம் செய்யப்பட்டவை. கிடைத்தால் அதை வாங்கலாம். விலை அதிகம், ஸ்ட்ரிப்பும் எல்லாக் கடையிலும் கிடைக்காது என்றால், வீட்டில் தாத்தா பாட்டிக்கு வைத்திருக்கும் வகை மீட்டரே போதும். எந்த மீட்டர் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு, கடைசிவரை அதே ஒன்றையே பயன்படுத்துங்கள். ஆளுக்கொரு மீட்டரில் எடுத்த எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பயனில்லை. தோளுக்குப் பக்கத்தில் முடியை மழித்து ஒட்டி, சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் ஃப்ரீஸ்டைல் லிப்ரே சென்சாரைப் பூனைகளுக்கும் இப்போது பயன்படுத்துகிறார்கள். 14 நாள் நிற்க வேண்டியது சில பூனைகளிடம் அதற்கு முன்பே கழன்றுவிடும். நின்றவரைக்கும் கிடைக்கும் தகவல் அருமையானது.

இனி இன்சுலின். பூனைகளுக்கு இன்று பரவலாகக் கொடுப்பது மனிதர்களுக்கான கிளார்ஜின், விலங்குகளுக்கான புரோசிங்க், கேனின்சுலின் ஆகியவை. பூனையின் சொந்த இன்சுலின் மாட்டு இன்சுலினிலிருந்து ஒரே ஒரு அமினோ அமிலத்தில் மட்டும் வேறுபடுகிறது, மனித இன்சுலினிலிருந்து நான்கில். ஆனாலும் மனித இன்சுலின் வகைகள் பூனைக்கு நன்றாகவே வேலை செய்கின்றன. தொடக்க அளவு பூனையின் சரியான எடைக்குக் கிலோவுக்குக் கால் யூனிட் முதல் அரை யூனிட் வரை, 12 மணி நேரத்துக்கு ஒரு முறை. எவ்வளவு பெரிய பூனையானாலும் தொடக்கத்தில் வேளைக்கு 2 யூனிட்டைத் தாண்டுவதில்லை. பெரும்பாலான பூனைகள் 1 யூனிட்டில் தொடங்கும். ஒரு யூனிட் எவ்வளவு சிறியது என்பது கையில் சிரிஞ்சை எடுத்தால்தான் புரியும். இங்கேதான் நம் நாட்டில் ஒரு பெரிய ஆபத்து காத்திருக்கிறது.

இந்தியாவில் பெரும்பாலும் இரண்டு செறிவில் இன்சுலின் விற்கிறது. ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ளது ஒன்று, 100 யூனிட் உள்ளது மற்றொன்று. 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. மருந்துக்கடையில் போய் "அண்ணா, இன்சுலின் சிரிஞ்சு ஒரு பாக்கெட் குடுங்க" என்று மட்டும் கேட்டால், கைக்கு எது எட்டுகிறதோ அதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். 100 செறிவுள்ள மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் '1' கோடு வரை இழுத்தால், உள்ளே போவது இரண்டரை யூனிட். 4 கிலோ பூனைக்கு முதல் நாளே இரண்டரை மடங்கு. உயிர் போகக்கூடிய அளவு அது. மாறாக, 40 செறிவு மருந்தை ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் இழுத்தால் பாதி கூடப் போகாது. சர்க்கரை இறங்கவில்லையே என்று வாரக்கணக்கில் திகைத்துக்கொண்டிருப்பீர்கள். குப்பியில் அச்சிட்ட எண்ணையும் சிரிஞ்சில் அச்சிட்ட எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வீட்டில் இன்னொருவரையும் படிக்கச் சொல்லுங்கள். குப்பி மாறும்போதெல்லாம், கடை மாறும்போதெல்லாம் இதைச் செய்யுங்கள். அரை யூனிட்டுக்குக் கோடு போட்ட 0.3 மில்லி சிரிஞ்சு 100 செறிவுக்குக் கிடைக்கும். உங்கள் மருந்து 100 செறிவு என்றால், அது கிடைக்கும்போது வேறு எதுவும் வாங்காதீர்கள். அளவை அரை யூனிட் கூட்டிக் குறைக்கும் நோயில், கோடுகளுக்கு நடுவே கண்ணளவில் இழுப்பது நல்லதல்ல.

குப்பியை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள். ஃபிரீசருக்குப் பக்கத்தில் வேண்டாம், உறைந்த இன்சுலின் கெட்ட இன்சுலின். கதவுத் தட்டிலும் வேண்டாம், திறந்து மூடும்போதெல்லாம் ஆடும், சூடேறும். மின்வெட்டு நீண்ட ஊர்களில் ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் காற்றுப் புகாத டப்பாவில் குப்பியை வைக்கும் பழைய முறை, கோடையிலும் சமாளிக்க உதவும். கிளார்ஜின் தண்ணீர் போலத் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கியிருந்தால் தூக்கி எறியுங்கள். எதோடும் கலக்கவோ நீர்க்கவைக்கவோ கூடாது.

ஊசி போடும் வேலை நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. ஊசி முடியைப் போல மெல்லியது. பூனை சாப்பிடக் குனிந்திருக்கும்போது, விலாப்பக்கத்திலோ தொடைக்கு முன்னால் உள்ள தளர்ந்த தோலிலோ இரு விரலால் கூடாரம் போலத் தூக்கிப் பிடித்து, அடிப்பக்கமாகச் செருகி அழுத்த வேண்டும். பிடரியில் போடும் பழக்கம் உண்டு. தினம் ஒரே இடத்தில் போட்டால் தோல் தடித்து மருந்து சரியாக ஏறாது. அதனால் இடம் மாற்றிக்கொண்டே இருங்கள். முதலில் சாப்பாட்டை வைத்து, அது ஆர்வமாகத் தின்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுவது பாதுகாப்பு. சில நேரம் ஊசி தோலின் மறுபக்கம் வழியே வெளியேறி மருந்து முடியில் போய்விடும். தடவினால் ஈரம் தெரியும், மருந்து நாற்றமும் வரும். மருந்து உள்ளே போனதா இல்லையா என்று சந்தேகம் வந்தால் இன்னொரு முறை போடவே கூடாது. ஒரு வேளை தவறினால் பூனைக்கு ஒன்றும் ஆகாது, இரண்டு முறை போட்டால் உயிர் போகலாம். காலையில் அப்பா ஒரு ஊசியும் விவரம் தெரியாமல் மகள் ஒரு ஊசியும் போட்டுவிடுவது கூட்டுக் குடும்பங்களில் நடக்கக்கூடியது. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டி, போட்டவர் உடனே நேரமும் அளவும் எழுதிவிட்டால் இந்தச் சிக்கல் வராது.

ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் காதில் குத்தி அளந்துவிடுங்கள். புதிதாகத் தொடங்கிய நாட்களில் அந்த எண் 200-க்குக் கீழே இருந்தால், ஊசியைக் கீழே வைத்துவிட்டு டாக்டருக்குப் போன் செய்யுங்கள். பூனை வாந்தி எடுத்தாலோ, சாப்பாட்டைத் தொடவில்லை என்றாலோ அப்போதும் அதேதான். இதோடு, டாக்டர் சொல்கிற நாளில் காலை ஊசியிலிருந்து மாலை ஊசி வரை 2 மணி நேரத்துக்கு ஒரு முறை அளந்து ஒரு வரைபடம் தயாரிக்க வேண்டியிருக்கும். அதில் பார்க்க வேண்டியது மேலே எவ்வளவு ஏறியது என்பதைவிட, கீழே எவ்வளவு இறங்கியது, எத்தனை மணிக்கு இறங்கியது என்பதே. மிகக் குறைந்த அளவு 80-லிருந்து 150-க்குள் இருந்தால் அந்த மருந்து அளவு சரி. காலையில் 350 என்று பார்த்துப் பதறி அளவைக் கூட்டிவிடுகிறார்கள். மதியம் 2 மணிக்கு அந்தப் பூனை 70-க்கு வந்து போனதை யாரும் அளந்து பார்த்திருக்க மாட்டார்கள். அளவை மாற்றினால் உடம்பு அதற்குப் பழகச் சில நாட்கள் பிடிக்கும். பொதுவாக ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான் டாக்டர்கள் மாற்றுவார்கள். அந்த முடிவை அவரிடமே விடுங்கள். அவர் சரியாக முடிவெடுக்க வேண்டிய எண்களைக் கொடுப்பது உங்கள் பங்கு.

சாப்பாட்டில் நம் வீடுகளில் செய்ய வேண்டிய மாற்றம் பெரியது. பால்சோறு, தயிர்சோறு, மீன் குழம்பு பிசைந்த சோறு எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். "ஆசையா கேக்குது, ஒரு வாய் குடுத்தா என்ன ஆயிடும்?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். அந்த ஒரு வாய்ச் சோறுதான் மத்தியான அளவை ஏற்றிவிட்டு, சாயந்திரம் மருந்தைக் கூட்டவைக்கிறது என்று மீட்டரையே காட்டிச் சொல்லுங்கள். எண்ணைப் பார்த்தால் ஏற்றுக்கொள்வார்கள். உலர் தீவனத்தை உருண்டையாகப் பிடிக்க மாவுச்சத்து தேவைப்படுவதால், பெரும்பாலானவற்றில் அது நிறைய இருக்கும். டப்பாவிலோ பையிலோ வரும் ஈர உணவில், குழம்பு போலக் கெட்டியாக்காத, இறைச்சிக் கூழ் வகைகளில் பொதுவாகக் குறைவு. மொத்தக் கலோரியில் மாவுச்சத்து ஏறக்குறைய 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் இலக்கு.

வீட்டில் கோழி வேகவைத்துக் கொடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். தீனித் துணுக்காக, வெங்காயம் பூண்டு உப்பு மசாலா இல்லாமல், எலும்பு நீக்கிக் கொடுக்கலாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும் விஷம். ஆனால் வெறும் கோழியையே முழு உணவாக்கிவிட்டால் சுண்ணாம்புச்சத்து பற்றாது, டாரின் என்ற சத்தும் போதாமல் போகலாம். டாரின் குறைவால் பூனைகளுக்கு இதயத் தசை பலவீனமாகிறது என்பதை 1987-இல் கலிபோர்னியாவில் பால் பியான் என்பவரும் அவர் கூட்டாளிகளும் கண்டறிந்த பிறகே தீவனங்களில் அதைக் கூடுதலாகச் சேர்க்கத் தொடங்கினார்கள். எனவே முழுச் சத்துணவு என்று எழுதியிருக்கும் ஈர உணவு அடிப்படையாக இருக்கட்டும். இன்னும் முக்கியமான ஒன்று: மாவுச்சத்தைக் குறைத்தால் தேவைப்படும் இன்சுலினும் குறையும். உணவை மாற்றுகிறேன் என்று டாக்டரிடம் சொல்லாமல் மாற்றிவிட்டுப் பழைய அளவு ஊசியையே தொடர்வது ஆபத்து. கொழுத்த பூனையை இளைக்கவைக்கப் பட்டினி போடுவதும் ஆபத்து. சில நாள் சாப்பிடாத கொழுத்த பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு குவிந்துவிடும். வாரத்துக்கு உடல் எடையில் ஒரு சதவீதம் அளவுக்குக் குறைந்தால் போதும்.

சர்க்கரை இறங்கிவிடுவதன் அடையாளங்களை வீட்டில் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்க வேண்டும். திடீரென்று வெறிபிடித்த பசி, தள்ளாடல், ஒரே இடத்தை வெறித்துப் பார்த்தல், கூப்பிட்டால் திரும்பாமை, ஒளிந்துகொள்ளுதல், தசைத் துடிப்பு, கடைசியில் வலிப்பு. மீட்டரில் 60-க்குக் கீழே வந்தால் அடையாளம் எதுவும் தெரியாவிட்டாலும் ஆபத்துதான். விழிப்பாக இருந்து விழுங்க முடிந்தால் உடனே சாப்பாடு வையுங்கள், குளுக்கோஸ் கரைசலையோ தேனையோ ஈறில் தடவுங்கள், கால் மணிக்கு ஒரு முறை அளந்துகொண்டே டாக்டரிடம் பேசுங்கள். மயங்கிக் கிடந்தாலோ வலிப்பு வந்தாலோ வாய்க்குள் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். விரலை விட்டால் கடித்துவிடும். உதட்டை ஒதுக்கி ஈறின் வெளிப்பக்கம் தேனைத் தடவிக்கொண்டே வண்டியில் ஏறுங்கள். தெளிந்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போவதைத் தவிர்க்காதீர்கள். உள்ளே போன இன்சுலின் இன்னும் சில மணி நேரம் வேலை செய்துகொண்டிருக்கும். ராத்திரியில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது என்பதை இன்றைக்கே விசாரித்து எண்ணைக் குறித்து வையுங்கள்.

எதிர்ப்பக்க ஆபத்து கீட்டோன். இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரித்து வாழும்போது கீட்டோன் சேர்ந்து ரத்தம் அமிலமாகும். பூனை சாப்பிடாது, வாந்தி எடுக்கும், துவண்டு படுக்கும், வாயில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை வரலாம். மூத்திரத்தில் நனைத்துப் பார்க்கும் கீட்டோன் ஸ்ட்ரிப் மருந்துக்கடையில் கிடைக்கும். லிட்டர் மண்ணுக்குப் பதிலாகக் கழுவி உலர்த்திய சிறு கூழாங்கற்களைத் தட்டில் போட்டால் மூத்திரம் அடியில் தேங்கும். கீட்டோன் தெரிந்து, பூனையும் சோர்ந்திருந்தால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

எவ்வளவு கூட்டியும் சர்க்கரை அசையவில்லை என்றால் வேறு ஏதோ இருக்கிறது. சொத்தைப் பல், மூத்திரப்பாதைத் தொற்று, கணைய அழற்சி ஆகியவற்றைத் தேட வேண்டும். பிட்யூட்டரிச் சுரப்பியில் கட்டி வந்து வளர்ச்சி ஹார்மோன் பெருகுவதும் காரணமாகலாம். பிரிட்டனில் 1,221 சர்க்கரை நோய்ப் பூனைகளைப் பரிசோதித்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு இந்தக் கோளாற்றைச் சுட்டும் ரத்த அளவு மிகையாக இருந்தது. உங்கள் டாக்டரால் இதைப் பார்க்க முடியாவிட்டால், வேப்பேரியில் இருக்கும் மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ஊசிக்குப் பதில் மாத்திரையும் திரவ மருந்தும் வந்திருக்கின்றன: அமெரிக்காவில் 2022-இல் பெக்ஸாகிளிஃப்ளோசினும் 2023-இல் வெலாகிளிஃப்ளோசினும் பூனைகளுக்கு அனுமதி பெற்றன. சர்க்கரை அதிகமாகக் காட்டாமலே கீட்டோன் ஏறிவிடும் அபாயம் இவற்றில் உண்டு. ஏற்கெனவே இன்சுலின் போட்ட பூனைகளுக்கு இவை பொருந்தாது. வசதி என்ற ஒரே காரணத்துக்காக இவற்றை நாட வேண்டாம் என்பது என் கருத்து.

2009-இல் கிர்ஸ்டன் ரூம்ப், ஜாக்கி ராண்ட் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 55 பூனைகளைப் பற்றிய ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கிளார்ஜின் ஊசியும், மாவுச்சத்து குறைந்த உணவும், வளர்ப்பவர்களே வீட்டில் நாளுக்குப் பல முறை அளந்த ரத்தச் சர்க்கரையும்தான் சிகிச்சை. மொத்தத்தில் 64 சதவீதப் பூனைகள் இன்சுலின் தேவைப்படாத நிலையை அடைந்தன. நோய் தெரிந்து ஆறு மாதத்துக்குள் இந்தக் கட்டுப்பாட்டைத் தொடங்கியவற்றில் 84 சதவீதம். அதற்குப் பிறகு தொடங்கியவற்றில் 35 சதவீதம். அளந்து கொடுத்தவர்கள் வீட்டில் பூனை வளர்க்கும் சாதாரண மனிதர்கள்.

உங்கள் பூனையும் அப்படித் தேறி, ஊசி இல்லாமல் நான்கு வாரம் சரியான அளவில் நின்றால், இனி இன்சுலின் தேவையில்லை என்று டாக்டர் அறிவிப்பார். அதன் பிறகும் பழைய உணவுக்குத் திரும்பக் கூடாது, ஸ்டீராய்டு ஊசியை எந்த டாக்டர் எழுதினாலும் சர்க்கரை இருந்த கதையைச் சொல்லிவிட வேண்டும், மாதத்துக்குச் சில முறையாவது காதில் அளக்க வேண்டும். நோய் சில பூனைகளுக்குத் திரும்பி வருகிறது. தேறாத பூனையும், ஊசியோடு வருடக்கணக்கில் ஜன்னல் திட்டில் ஏறி வெயில் காய்ந்து நன்றாக வாழும். ஆனால் அந்த 84-க்கும் 35-க்கும் நடுவில் முக்கியமாக நிற்பது காலம்தான். நேற்றுதான் உங்கள் பூனைக்கு நோய் உறுதியானது என்றால், இன்றைக்கே ஒரு மீட்டரும் ஒரு பெட்டி ஸ்ட்ரிப்பும் ஒரு நோட்டும் வாங்கிவிடுங்கள். காதில் குத்துவது எப்படி என்று டாக்டரிடம் நேரில் ஒரு முறை செய்துகாட்டச் சொல்லிக் கேளுங்கள்.